பிரட்டில் பெயர் இல்லாத டோங்கிள்

கோயில் மண்டபத்தில் இருக்கும் ஏழு கணினிகளுக்கு வைஃபை இணைப்புக் கொடுப்பது ஒரு சனிக்கிழமை மாலையில் முடிந்துவிடும் வேலை என்று எண்ணித்தான் 2025 மார்ச்சில் டியூஷன் டீச்சரிடம் ஒப்புக்கொண்டேன். வேலை முடிந்தபோது செப்டம்பர் ஆகியிருந்தது. இடையில் நான் ஏமாந்தது, எரிச்சலடைந்தது, கற்றுக்கொண்டது எல்லாம் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பொருளால் வந்தவை.

மலேசியாவில் ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் சுங்கை சிப்புட். சுற்றியிருந்த தோட்டங்களில் பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்து வீடுகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் தாமான் எனும் புதுக் குடியிருப்புகளுக்குக் குடிபோய்விட்டார்கள். இருந்தாலும் கோயிலும் அதையொட்டிய டியூஷன் வகுப்பும் இன்னும் பழைய தோட்டத்து வழக்கப்படிதான் நடக்கின்றன: ஒருவரிடம் மிஞ்சுவது பொதுவுக்கு வந்து சேரும். அப்படி வந்தவைதான் இந்த ஏழு கணினிகளும். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14 அன்று நின்றுவிடும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. விண்டோஸ் 11க்கோ டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியும் வேண்டும். இவற்றில் இருந்தது ஆறாம் தலைமுறை. நல்ல நிலையில் இருந்த இயந்திரங்களை ஈப்போவில் ஓர் அலுவலகம் கழித்துவிட்டது. நாங்கள் வேன் வைத்து ஏற்றி வந்தோம்.

ஏழிலும் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினேன். திரை, ஒலி, விசைப்பலகை எதிலும் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவை மேசைக் கணினிகள், வைஃபை கிடையாது. இணையப் பெட்டியோ கோயில் அலுவலகத்தில் இருக்கிறது. இடையில் தேர் போகும் தடத்தின் குறுக்கே கம்பி இழுக்க நிர்வாகம் சம்மதிக்கவில்லை, அது நியாயமும்கூட. யூஎஸ்பி துளையில் செருகும் வைஃபை டோங்கிள்தான் வழி. எடுத்த எடுப்பில் ஏழு வாங்கவில்லை, அவ்வளவு அனுபவம் எனக்கு உண்டு. ஒன்றே ஒன்று வாங்கி, 24 வெள்ளி 90 சென் கொடுத்து, செருகிப் பார்த்து, உடனே வேலை செய்வதைக் கண்ட பிறகே அதே கடையில், அதே நிறுவனத்தின், அதே பெயரும் படமும் கொண்ட பெட்டியில் இன்னும் ஆறு வாங்கினேன்.

அந்த ஆறும் வேலை செய்யவில்லை.

பெட்டிகளை மறுபடியும் எடுத்துத் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அடிப்பக்கத்தில், பார்கோடுக்கு அருகே, எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், முதல் பெட்டியில் "வி1" என்றும் மற்றவற்றில் "வி2" என்றும் அச்சிட்டிருந்தது. வெளியே உள்ள பெயரை மாற்றாமல் உள்ளே இருக்கும் சில்லை மட்டும் மாற்றிவிட்டார்கள். மலிவான வைஃபை பொருள்களில் இது சர்வசாதாரணம். எந்தச் சில்லு அந்த மாதம் விலை குறைவோ அது உள்ளே போகும், விண்டோஸுக்கான மென்பொருளையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்வார்கள், வாங்குகிறவனுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. "இந்த மாடல் லினக்ஸில் ஓடுமா?" என்ற கேள்விக்கு ஒருவர் ஓடும் என்றும் இன்னொருவர் ஓடாது என்றும் சத்தியம் செய்வதை நான் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன். இருவருமே உண்மை பேசியிருக்கிறார்கள் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

ஓடாத டோங்கிளைச் செருகினால் வைஃபைக்குப் பதிலாக ஒரு சிடியின் படம் திரையில் தோன்றியது. கணினியில் சிடி போடும் பெட்டியே இல்லாதபோது சிடி எங்கிருந்து வரும்? நான் கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருக்க, பக்கத்தில் இருந்த படிவம் இரண்டு மாணவன் ஒருவன், திரை அசிங்கமாக இருக்கிறது என்று அந்தச் சிடி படத்தின் மேல் வலது சொடுக்கு போட்டு "வெளியேற்று" என்பதை அழுத்திவிட்டான். படம் மறைந்தது. மூன்று விநாடி கழித்து டோங்கிளில் நீல விளக்கு மின்னியது. "அங்கிள், சிடியத் தள்ளிவிட்டேன், லைட்டு எரியுது" என்றான், ஏதோ தப்புச் செய்துவிட்டவன் போல.

அவன் செய்ததுதான் சரி. இத்தகைய டோங்கிள்கள் செருகியதும் முதலில் சிடி வேஷம் கட்டிக்கொண்டு வரும். விண்டோஸ் பயனர் தனியாக மென்பொருள் தேடி அலையாமல் இருப்பதற்காக அதை டோங்கிளுக்குள்ளேயே வைத்து, ஒரு சிடி போலக் காட்டுகிறார்கள். நிறுவி முடித்ததும் விண்டோஸ் அந்த வேஷத்தைக் கலைத்துவிடும். லினக்ஸில் அந்த வேலையைச் செய்ய யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்றொரு சிறு மென்பொருள் இருக்கிறது. எந்தெந்த எண்ணுடைய பொருளுக்கு எப்படி வேஷத்தைக் கலைப்பது என்ற பட்டியல் அதனுடன் வருகிறது. அந்தப் பட்டியலின் பெரும்பகுதி, இப்படி ஒரு பொருளை வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் ஆளுக்கொரு எண்ணாக அனுப்பிச் சேர்ந்தது. என் டோங்கிளின் எண் அதில் இல்லை.

எண் என்றேன் அல்லவா, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். யூஎஸ்பி பொருள் ஒவ்வொன்றும் செருகியவுடன் தன்னை எட்டு இலக்கம் கொண்ட ஒரு பதினறும எண்ணால் அறிமுகப்படுத்திக்கொள்கிறது. முதல் நான்கு இலக்கம் நிறுவனத்துக்கு உரியது, அடுத்த நான்கு அந்தப் பொருளுக்கு உரியது. "எல்எஸ்யூஎஸ்பி" என்று தட்டினால் செருகியிருக்கும் எல்லாவற்றின் எண்ணும் வரிசையாக வரும். அந்த வரிசையில் 1டி6பி என்று தொடங்குவது லினக்ஸ் அறக்கட்டளைக்கே உரிய எண். லினக்ஸின் உட்கருவான கெர்னலில் உள்ள ஒவ்வொரு இயக்கியும், அதாவது டிரைவரும், தன்னால் வேலை வாங்கக்கூடிய பொருள்களின் எண்களை ஓர் அட்டவணையாகத் தன்னிடம் வைத்திருக்கிறது. எண் அட்டவணையில் இருந்தால் இயக்கி பொறுப்பேற்கும். இல்லாவிட்டால், உள்ளே இருக்கும் சில்லு அதற்கு நன்றாகத் தெரிந்ததே ஆனாலும், திரும்பிப் பார்க்காது.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது பிரட்டு, அதாவது தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் வழக்கம். விடியும் முன்னே பிரட்டுக் களத்தில் விளக்கு வெளிச்சத்தில் கிராணியார் எனும் தோட்டத்துக் கணக்கர், செக்ரோல் எனும் ஆட்பெயர் ஏட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். பெயர் உள்ளவனுக்கு நிரை, அதாவது வெட்ட வேண்டிய மர வரிசை, கிடைக்கும். என் சித்தப்பா வேறு தோட்டத்திலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வந்த புதிதில், பால்வெட்டில் அப்பாவைவிடக் கெட்டிக்காரராக இருந்தும், செக்ரோலில் பெயர் ஏறாத காரணத்தால் மூன்று நாள் கத்தியும் வாளியுமாக வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். அவருக்கு வெட்டத் தெரியும் என்பது களத்தில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஏட்டுக்குத் தெரியாது.

சிடி வேஷம் கலைந்த பிறகும் வைஃபை தராத என் டோங்கிளும் அப்படித்தான் நிற்கிறதா, அல்லது உண்மையிலேயே லினக்ஸுக்குத் தெரியாத சில்லா என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நகத்தை விட்டு நெம்பினால் மேலோடு சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்தது. உள்ளே பச்சைத் தகட்டின் நடுவில் அரிசியைவிடச் சற்றுப் பெரிய சதுரம். அதன் மேல் சாம்பல் நிறத்தில் பொறித்திருந்த எழுத்துகள் நேராகப் பார்த்தால் தெரியவில்லை. பையன் கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடிக்க, நான் இன்னொரு கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தேன். கெர்னலில் ஏற்கெனவே இயக்கி உள்ள சில்லுதான். ஏட்டில் பெயர் இல்லை, அவ்வளவே.

இந்த இடத்தில் அந்தக் காலத்தவர்கள் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு வாய்த்தது மிகச் சிறிய தொல்லை. 2000களின் நடுவில் பல மடிக்கணினிகளில் இருந்த பிராட்காம் வைஃபை சில்லுகளுக்கு லினக்ஸ் இயக்கியும் கிடையாது, எழுதுவதற்கு வேண்டிய ஆவணமும் கிடையாது. அப்போது ஒரு குழுவினர், கிடைத்த மூடிய (மூலநிரல் வெளியிடாத) இயக்கியை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்து, சில்லு எதற்கு எப்படி நடந்துகொள்கிறது என்ற விவரத்தை மட்டும் எழுதிவைத்தார்கள். அந்த மூடிய இயக்கியைக் கண்ணாலும் பார்க்காத இன்னொரு குழுவினர், அந்த விவரத்தை மட்டுமே வைத்துக்கொண்டு புதிதாக ஓர் இயக்கி எழுதினார்கள். திருடிவிட்டார்கள் என்று நாளைக்கு யாரும் வழக்குப் போட முடியாதபடிக்கு இந்த ஏற்பாடு. அது 2006இல் 2.6.17 கெர்னலில் சேர்ந்தது. அப்போதும் சில்லுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் என்ற மென்பொருளை மற்றவர்கள் வழங்க உரிமை இல்லாததால், அவரவர் விண்டோஸ் இயக்கியிலிருந்து அதை வெட்டி எடுத்துக்கொள்ள ஒரு தனிக் கருவி செய்துகொடுத்தார்கள். நிறுவனமே திறந்த இயக்கியை வெளியிட்டது 2010 செப்டம்பரில்.

ஃபர்ம்வேர் தொல்லை வேறு வடிவிலும் நெடுங்காலம் இருந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையை நிறுவும்போது வைஃபைக்கான ஃபர்ம்வேர் வேண்டும் என்று கேட்கும். அதை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு வைஃபை வேண்டும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கதை. 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவெடுத்த பிறகு, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல்தான் அத்தகைய ஃபர்ம்வேர்கள் நிறுவும் வட்டிலேயே இடம்பெறுகின்றன. கொள்கைப் பிடிப்புள்ளவர்கள் இதற்காக வருந்தினார்கள். நான் வருந்தவில்லை. மண்டபத்தில் நான் கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்துச் சமாளித்தேன். அது எந்தச் சண்டித்தனமும் இல்லாமல் ஓடியது.

எனக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தன்னார்வலர்கள் கெர்னலுக்கு வெளியே வைத்துப் பராமரிக்கும் இயக்கியை இறக்கி, டிகேஎம்எஸ் என்ற ஏற்பாட்டின் மூலம் நிறுவுவது. பத்து நிமிட வேலை. ஆனால் கெர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அந்த இயக்கி மறுபடி கட்டப்பட வேண்டும். கெர்னலின் உள் அமைப்பு மாறினால் கட்டுவது தோற்றுப்போகும், மறுநாள் காலையில் ஆறு கணினியிலும் இணையம் இருக்காது. உள் அமைப்பை மாறாமல் வைத்திருப்போம் என்று லினக்ஸ்காரர்கள் எப்போதும் வாக்குக் கொடுத்ததில்லை. கெர்னலுக்குள்ளே வந்துவிடு, மாற்றும்போது உன் இயக்கியையும் சேர்த்து நாங்களே மாற்றிவிடுகிறோம் என்பதுதான் அவர்களுடைய நிலைப்பாடு. டீச்சரை நம்பி விட்டுவிட்டு வர வேண்டிய இயந்திரங்களுக்கு டிகேஎம்எஸ் ஒத்துவராது.

இரண்டாவது வழி, ஏட்டில் பெயரை ஏற்றுவது. அதற்கு முன் சோதனைக்கு ஓர் அருமையான வசதி இருக்கிறது. ஒவ்வொரு யூஎஸ்பி இயக்கிக்கும் "நியூ ஐடி" என்ற ஒரு கோப்பு உண்டு. அதற்குள் உங்கள் பொருளின் எண்ணை எழுதி, பக்கத்திலேயே ஏற்கெனவே அட்டவணையில் உள்ள வேறொரு பொருளின் எண்ணையும் எழுதினால், "இவனை அவனைப் போலவே நடத்து" என்று அதற்குப் பொருள். எழுதி எண்டர் தட்டினேன். வைஃபை பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் எழுந்தன: கோயில் அலுவலகம், எதிர் வீட்டு மளிகைக் கடை, யாருடையதோ ஒரு கைப்பேசி. ஆனால் இது கிராணியார் பென்சிலில் எழுதிய பெயர் மாதிரிதான். கணினியை அணைத்து எழுப்பினால் அழிந்துவிடும். மையால் எழுத வேண்டுமானால் இயக்கியின் மூலநிரலில் ஒரு வரி சேர்த்து, அதைக் கெர்னல் பராமரிப்பாளர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும்.

ஒரே ஒரு வரி. நான் கணினி பழுதுபார்க்கிறவன், நிரலாளன் அல்லன். அந்த வரியும் மேலே இருந்த வரியைப் பார்த்து எழுதியதுதான், எண் மட்டும் வேறு. அதை அனுப்புவதற்கு எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. முதல் மடலை வழக்கமான மின்னஞ்சல் பக்கத்திலிருந்து அனுப்பினேன். எச்டிஎம்எல் வடிவில் இருந்ததால் அஞ்சல் பட்டியலின் வழங்கியே அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. இரண்டாவது மடல் வெறும் எழுத்தாகத்தான் போனது. ஆனால் வரித் தொடக்கத்தில் இருந்த டேப் இடைவெளிகளை என் மின்னஞ்சல் மென்பொருள் சாதாரண இடைவெளிகளாக மாற்றியிருந்தது; பொருந்தவில்லை என்று பராமரிப்பாளர் பதில் எழுதினார். நிரல் மாற்றங்களைக் கையாளும் கிட் என்ற கருவியில் அஞ்சல் அனுப்புவதற்கென்றே உள்ள கட்டளையைக் கற்றுக்கொண்டு மூன்றாம் முறை அனுப்பினேன். கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஓர் எண்ணை எடுத்துக்கொள்வதற்கு இத்தனை சடங்கா என்று டீச்சரிடம் புலம்பினேன். "அண்ணே, பிள்ளைங்க மார்ஜின் விடாம எழுதினா நானும் திருப்பித்தான் குடுப்பேன்" என்றார்.

மடலின் அடியில் கையொப்ப வரி ஒன்று கட்டாயம். 2003இல் எஸ்சிஓ நிறுவனம் லினக்ஸ் நிரலைக் காட்டி ஐபிஎம் மீது வழக்குத் தொடுத்ததற்குப் பிறகு, 2004இல் வந்த விதி அது: இந்த நிரலை அளிக்க எனக்கு உரிமை உண்டு என்று அளிக்கிறவர் தன் பெயரால் ஒப்ப வேண்டும். பெயரை எழுதும் இடத்தில் சற்று நின்றேன். என் அப்பாவின் பெயரைக் கிராணியார் செக்ரோலில் தப்பாக எழுதினார். அதைப் பார்த்து அடையாளக் கார்டிலும் தப்பாக ஏறியது. இன்னாரின் மகன் என்பதைக் குறிக்கும் "ஏ/எல்" என்பதற்குப் பின்னால் அந்தத் தப்பான பெயரோடுதான் நான் பள்ளிக்கூடம், வங்கி, திருமணப் பதிவு எல்லாம் கடந்து வந்திருக்கிறேன். கெர்னலில் அடையாளக் கார்டு கேட்கவில்லை. அப்பாவின் பெயரை அவர் எப்படிச் சொல்வாரோ அந்த ஒலி வரும்படியே எழுதி அனுப்பினேன்.

பராமரிப்பாளர் இரண்டு கேள்வி கேட்டார்: பெட்டியில் உள்ள பெயர் என்ன, எவ்வளவு நேரம் ஓட்டிப் பார்த்தீர்கள். நான் ஆறு டோங்கிளையும் பென்சில் பெயரோடு நான்கு நாள் ஓட்டியதை எழுதினேன். மே மாதத்தில் ஏற்றுக்கொண்டார். புதிய கெர்னல் ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு முறைதான் வரும். ஆனால் எண் சேர்ப்பது போன்ற சிறு மாற்றங்களைப் பழைய நிலையான கெர்னல்களிலும் சேர்க்க அவர்களுடைய விதியே இடம் தருகிறது. அது மின்டுக்கு அடிப்படையான உபுண்டு வழியாக மின்டுக்கு வந்து, ஒரு செப்டம்பர் ஞாயிற்றுக்கிழமைப் புதுப்பிப்பில் மண்டபத்தை அடைந்தது. மோட்ஸ்விட்ச் பட்டியலுக்கும் எண்ணை அனுப்பினேன். அதுவரைக்கும் சிடி படத்தை வெளியேற்றுவது பையனுடைய தினசரிப் பொறுப்பாக இருந்தது.

பன்னிரண்டு ஆண்டுகளாக நான் லினக்ஸ் பயன்படுத்துகிறேன். அத்தனை ஆண்டும் நான் செய்த பங்களிப்பு என்று பார்த்தால் "எனக்கும் இதே பிரச்சினை" என்று எழுதியதுதான் அதிகம். எண்ணைக் குறிப்பிட்டதில்லை, கெர்னல் பதிப்பைச் சொன்னதில்லை, செருகிய அந்தக் கணத்தில் "டிமெசேஜ்" என்ற கெர்னல் பதிவு என்ன சொன்னது என்பதை ஒட்டியதில்லை. வைஃபை வேலை செய்யவில்லை என்று மட்டும் சொன்னால் கேட்கிறவர் என்ன செய்ய முடியும்? ஜெர்மனியிலோ ஜப்பானிலோ உட்கார்ந்திருக்கும் பராமரிப்பாளரிடம் சுங்கை சிப்புட் கடையில் விற்கிற வி2 டோங்கிள் இருக்காது. அது என் கையில்தான் இருந்தது. அதே சமயம், "நல்ல பொருளாக வாங்கியிருக்க வேண்டியதுதானே" என்று வந்து உபதேசிப்பவர்கள் மேல் எனக்குள்ள வெறுப்பு சற்றும் குறையவில்லை. கைக்கு எட்டிய பணத்தில் கடையில் இருப்பதை வாங்குகிறவர்களுக்கு ஓடாத மென்பொருளைச் சுதந்திரம் என்று அழைப்பதில் பயனில்லை.

அச்சுப்பொறியைப் பற்றிக் கேட்பார்கள், கேட்க வேண்டாம். 2010இல் ஆப்பிளின் ஏர்பிரின்ட் வந்த பிறகு உருவான புதிய அச்சுப்பொறிகளில் பெரும்பாலானவை இயக்கியே இல்லாமல் அச்சிடுகின்றன. எங்களுக்குத் தானமாக வந்ததோ பக்கத்தை அடுக்கும் மூளை வேலையைக் கணினியின் தலையில் கட்டிவிடும் பழைய ரகம். மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கிறோம்.

நவம்பரில் டீச்சர் இன்னும் இரண்டு கணினிகள் வாங்கி வந்தார். நான் அதே கடைக்குப் போய் அதே பெட்டியில் இரண்டு டோங்கிள் வாங்கி வந்து மேசையில் வைத்தேன். பையன் பெட்டியைத் திறக்கவில்லை. அடிப்பக்கத்தைத் திருப்பி, பார்கோடுக்குப் பக்கத்தில் கண்ணை இடுக்கிப் பார்த்தான்.

"வி3 அங்கிள்" என்றான். மேலோட்டின் விளிம்பில் நகத்தை வைத்துக்கொண்டு, "டார்ச் புடிங்க."